செய்கூலியை மதிக்கும் சுவை: சிங்கப்பூர்க் கைவினை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிங்கப்பூரில் கைவினை பீரையும் கையால் செய்த பொருள்களையும் தேடிச் சுவைக்கும் தமிழ் அன்பர்கள்



தொழிற்சாலையில் பெருமளவில் உருவாகும் பொருளை ஒதுக்கிவிட்டு, சிறு பட்டறையில் ஒருவர் தம் கைத்திறத்தால் ஆக்கிய பொருளைத் தேடிச் சென்று, அதன் செய்முறையைக் கேட்டறிந்து, கூடுதல் விலையும் மனமுவந்து கொடுத்து வாங்கும் வழக்கம் சிங்கப்பூரின் நகர வாழ்வில் இப்போது நன்கு வேரூன்றிவிட்டது. கைவினை பீர், மண்பாண்டம், கைத்தையல், தோல்வேலை எனப் பல துறைகளில் வெளிப்படும் இந்த நாட்டத்தில் தமிழர்களும் பங்கு கொள்கின்றனர். அவர்களைக் குறை கூறுவது இம்மடலின் நோக்கம் அன்று. மது அருந்தாதோரை அருந்தத் தூண்டுவதும் அன்று. பீர்க் குவளையின் முன் அமர்ந்து, இதைச் செய்தவர் யார், எவ்வாறு செய்தார், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கும் அதே மனம், அங்கிருந்து நடக்கும் தொலைவில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தொடுக்கப்படும் மாலையையும் அடிக்கப்படும் தாலியையும் பார்க்கும்போது அக்கேள்விகளை ஏன் கேட்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுவதே இதன் நோக்கம்.

கைவினை பீர் என்பது, பெரும் நிறுவனங்களின் ஒரே சீரான உற்பத்தியிலிருந்து விலகி, சிறிய ஆலையில், குறைந்த அளவில், ஆலையாளரின் தேர்வுக்கும் சோதனைக்கும் இடமளித்துக் காய்ச்சப்படும் பீரைக் குறிக்கும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட், கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவாகிய ஹாப், சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்குமே இதன் அடிப்படைப் பொருள்கள். ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் சில நாள்களில் நொதித்துவிடும் வகை ஏல் எனவும், அதைவிடக் குளிர்ந்த நிலையில் மெல்ல நொதித்து வாரக்கணக்கில் பதப்படும் வகை லாகர் எனவும் அழைக்கப்படும். வாற்கோதுமையும் ஹாப்பும் விளையாத, ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் ஒரு தீவில் இத்தொழில் நடைபெற வேண்டுமாயின், மூலப்பொருள்கள் கப்பலில் வர வேண்டும். நொதிகலன்களை இரவு பகலாகக் குளிர்விக்கவும் வேண்டும்.

இத்தீவின் பீர் வரலாறு பெருநிறுவனங்களோடுதான் தொடங்கியது. பிரேசர் அண்டு நீவ் நிறுவனமும் ஹைனகனும் இணைந்து 1931இல் தோற்றுவித்த மலாயன் புருவரீஸ், 1932இல் டைகர் பீரை வெளியிட்டது. அதே காலத்தில் ஜெர்மானிய முதலீட்டில் எழுந்த ஆர்க்கிபெலகோ ஆலை ஆங்கர் பீரைக் காய்ச்சியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது எதிரி நாட்டுச் சொத்தாகக் கைப்பற்றப்பட்ட அந்த ஆலை, 1941இல் போட்டி நிறுவனத்தின் கைக்கே சென்றது. பல பத்தாண்டுகள் நீடித்த அந்த ஒற்றை ஆதிக்கத்துக்குப் பிறகு, 1997இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட புருவர்க்ஸ், உண்போர் கண்ணெதிரே பீர் காய்ச்சும் முறையை அறிமுகப்படுத்தியது. ஆர்க்கிபெலகோ என்ற பழைய பெயர் 2006இல் கைவினை பீரின் பெயராக மீட்கப்பட்டது. 2010இல் மரினா பே நிதி மையக் கோபுரத்தின் 33ஆம் மாடியிலேயே ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்திலும் இந்தக் கைவினை பீர் அலை வந்து சேர்ந்தது. டைர்விட் சாலையில், சீன மருந்து வணிகர் சங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சங்கத்தின் நினைவாகவே டிரகிஸ்ட்ஸ் என்று பெயரிடப்பட்ட பீர்க் கடை அமைந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பயன்படுத்திய நீரைத் தூய்மைப்படுத்திப் பெறும் நியூவாட்டரைக் கொண்டு, பொதுப் பயனீட்டுக் கழகமும் புருவர்க்சும் சேர்ந்து உருவாக்கிய நியூபுரூ என்னும் பீர் 2018இல் அறிமுகமாகி 2022இல் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது, தண்ணீரின் வரலாறு கூடச் சுவைஞரின் உரையாடலுக்குள் வந்தது.

இந்தச் சுவைப் பண்பாடு வாங்குவோருக்கு அளித்த பயிற்சி பெரிது. பொருள் எப்போது செய்யப்பட்டது, எந்த ஹாப், எந்த ஈஸ்ட், இந்தத் தடவை முன்னதைவிட ஏன் வேறுபடுகிறது என்று கேட்க அது கற்றுக்கொடுத்துள்ளது. குறையைக் கண்டறியவும் கற்றுக்கொடுத்துள்ளது. நொதித்தல் முழுமையடையாதபோது எஞ்சும் டையசெட்டில் என்னும் சேர்மம் வெண்ணெய் வாடை தரும் என்பதை அறிந்த சுவைஞர், அதைச் சொல்லவும் தயங்குவதில்லை. விலையைப் பொறுத்த பொறுமையும் இதில் அடங்கும். சிங்கப்பூரில் பீரிலுள்ள தூய சாராயத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 2014 முதல் 60 வெள்ளி கலால் தீர்வை விதிக்கப்படுகிறது. 5 விழுக்காடு சாராயமுள்ள அரை லிட்டர் பீரில் 25 மில்லிலிட்டர் சாராயம் இருப்பதால், காய்ச்சியவரின் கூலியும் கடையின் வாடகையும் சேர்வதற்கு முன்பே ஒன்றரை வெள்ளி வரியாகிவிடுகிறது. இதையெல்லாம் அறிந்தும், குவளையின் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் சுவைஞரைக் காண்பது அரிது.

பேரம் பேசாத இந்தக் கண்ணியம் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையைக் கடந்தவுடன் தளர்ந்துவிடுகிறது என்பதே இம்மடல் சுட்ட விரும்பும் முரண். அதன் ஆழத்தை உணர, அவ்வட்டாரத்தின் தோற்றத்தைச் சற்று நோக்க வேண்டும். பழைய தமிழர்கள் சிராங்கூன் சாலைப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர்; அங்கே சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்தன. 1819இல் இராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இத்தீவின் முதல் செங்கல் சூளையை அமைத்தவராக அறியப்படுகிறார். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் 1856 முதல் 1861 வரை எழுந்த புனித ஆண்டுரு தேவாலயத்தின் சுவர்களில் பூசப்பட்ட சாந்து மதராஸ் சுண்ணாம்பு எனப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரால் பதப்படுத்தி, பூசி உலர்ந்த பின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் அந்த முறை, கடலுக்கு அப்பாலிருந்து கைகளிலேயே எடுத்து வரப்பட்ட அறிவாகும். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் கட்டடத்தின் சுவரில் இல்லை; கைவினையைப் போற்றும் சுவை முதலில் ஈடுசெய்ய வேண்டிய விடுபாடு இதுவே.

அந்த மரபின் இன்றைய வடிவங்களுள் மாலை கட்டுதல் எளிதில் கண்ணில் படுவது. கடைவீட்டின் முகப்பில் மூடிய நடைவழி விடப்பட வேண்டும் என்று 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டம் வகுத்தது. ஐந்தடி என்றே வழங்கும் அந்த நடைவழிகளில்தான் லிட்டில் இந்தியாவின் பூக்கடைகள் வளர்ந்தன. கேம்பல் லேனில் 1960இல் தொடங்கப்பட்ட ஜோதி ஸ்டோர் புஷ்பக் கடை அவற்றுள் பலரும் அறிந்தது. மல்லிகை அந்திப்பொழுதில் மலரும் இயல்புடையதாகையால், அதிகாலையில் மொட்டாகவே பறிக்கப்பட்டு, விமானத்தில் ஏற்றப்பட்டு, விரிவதற்குள் கட்டுவோரின் கையை அடைய வேண்டும். மொட்டுகளை எதிரெதிர்த் திசையில் இணைத்து, நனைத்த வாழைநாரால் சுற்றி, காம்பு நசுங்காமலும் முடிச்சு தளராமலும் இழுக்கும் விசையைக் கண்ணால் அளக்க முடியாது; விரல் பழகியே அறிய வேண்டும். நாரால் முடிந்து கட்டுவது தொடுத்தல், ஊசியும் நூலும் கொண்டு துளைத்துச் சேர்ப்பது கோத்தல், பல நிறப் பூக்களையும் பச்சிலையையும் கலந்து கட்டுவது கதம்பம் எனத் தொழிலுக்குள்ளேயே வகைகள் பல உண்டு. கட்டிய மாலையின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாளே. இருப்பு வைக்கவும் முடியாது, மறுநாள் விற்கவும் முடியாது. புதுமையே பீரின் உயிர் என்று போத்தலில் நாள் தேடும் சுவைஞர், அன்றே கட்டி அன்றே வாடும் பொருளின் விலையில் ஐம்பது காசு குறைக்கச் சொல்வது பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொற்கொல்லரின் நிலை இதைவிடச் சிக்கலானது. பத்தர் என்றும் ஆசாரி என்றும் அழைக்கப்படும் அவர், மென்மையான தூய தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கி, நூற்றுக்கு 91.6 பங்கு தங்கமுள்ள 22 காரட் பொன்னாக்கி, தகடாகத் தட்டியும் கம்பியாக இழுத்தும், ஊதுகுழலின் சுடரால் பற்றவைத்தும் நகையை உருவாக்குகிறார். தாலி செய்வதில் இவ்வேலைக்குச் சமயச் சடங்கின் தகுதியும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் திருமண மரபில், நல்ல நாளில் உறவினர் முன்னிலையில் தாலிக்குரிய பொன்னை உருக்கும் சடங்கு பொன்னுருக்கு என்றே வழங்குகிறது. நகையின் விலையில் பொன்னின் மதிப்பு ஒரு பகுதி. செய்தவரின் உழைப்புக்கான செய்கூலி மற்றொரு பகுதி. உருக்கும்போதும் அராவும்போதும் இழக்கப்படும் பொன்னுக்கான சேதாரம் மூன்றாவது. பொன்னின் விலையை உலகச் சந்தை முடிவு செய்வதால் அதில் பேரத்துக்கு இடமில்லை. ஆகவே வாங்குவோரின் முழு வலிமையும் செய்கூலியின் மீதே பாய்கிறது. தமிழ்நாட்டு நகைக்கடைகள் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று விளம்பரம் செய்ததையும், மக்கள் அதைச் சலுகையாக ஏற்றுக்கொண்டதையும் யாவரும் அறிவர். ஒரு கைத்தொழிலில் கையின் கூலியே இல்லை என்று அறிவிப்பது விற்பனை உத்தியாகிவிட்டதன் பொருள், அந்தக் கூலியை இயந்திர அச்சும் பெருமளவு உற்பத்தியும் விழுங்கிவிட்டன என்பது. அல்லது அது வேறொரு கணக்கில் மறைந்துள்ளது என்பது. எவ்வாறாயினும் பட்டறையில் அமர்ந்து வேலை செய்யும் பத்தருக்கு அப்போட்டியில் இடமில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு, பணம் கொடுத்து வாங்க இயலாதது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் நிறுவப்பட்டு, 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தில் நிற்கும் உருவங்கள் கல்லால் ஆனவை அல்ல. செங்கல்லின் மீது சாந்தை அப்பி, ஈரம் காய்வதற்குள் கரண்டியாலும் விரலாலும் வடிவமைக்கும் சுதை வேலையால் ஆனவை. மழையும் வெயிலும் அரிக்கும் இவ்வேலையைப் புதுப்பிக்கவே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தும் மரபு பெரிதும் உதவுகிறது; இக்கோயிலின் அண்மைய குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12ஆம் நாள் நடைபெற்றது. புதுப்பிக்கும் ஸ்தபதிகளும் சிற்பிகளும் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை முடிந்ததும் திரும்பிவிடுகின்றனர். கோபுரத்தைப் படமெடுக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அதன் ஆண்டு தெரிகிறது, கடவுளரின் பெயர் தெரிகிறது. வடித்தவரின் பெயர் தெரிவதில்லை.

கைவினை மதுவின் ஆர்வலர்கள் கருத வேண்டிய இன்னொரு வரலாறும் உண்டு. தமிழருக்கு அயலான பீர் அவர்களிடையே பரவுவதற்கு முன்பே, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்த் தொழிலாளர் அருந்திய கள், இன்றைய இலக்கணத்தின்படி முழுமையான கைவினை மதுவாகும். தென்னம்பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிதாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் ஏந்தினால், காற்றிலும் கலயத்திலும் இயல்பாகவே உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதை நொதிக்கச் செய்துவிடும்; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டு இனிய பதநீர் கிடைக்கும். ஆயினும் இந்தத் தொழில்திறத்தை எவரும் கொண்டாடவில்லை. ஏனெனில் கள், குறைந்த கூலி பெற்ற தொழிலாளியின் சம்பளத்தைத் தோட்டத்துக்கும் அரசுக்கும் திருப்பி இழுக்கும் கருவியாகவும் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் இதுவே. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவருள் தமிழ் நேசன் இதழின் துணையாசிரியர் ஆர். எச். நாதனும் ஒருவர். சிங்கப்பூரிலும் கள்ளுக்கடைகள் 1970களின் இறுதியில் மறைந்தன.

மதுவைச் சுவையாகக் காணும் உரிமை எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை என்பதை அண்மைக்கால நிகழ்வும் காட்டுகிறது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதி இந்திய ஊழியர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. மது அருந்தியிருந்தமை அதற்குத் துணைக் காரணங்களுள் ஒன்று என்று விசாரணைக் குழு கண்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவதை நாடு முழுவதும் தடை செய்ததோடு, லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக்கி, வார இறுதி முழுவதும் அத்தடையை நீட்டித்தது. பொது ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமம் பெற்ற கடைக்குள் அமர்ந்து அருந்துவோரை இத்தடை தொடுவதில்லை என்பதையும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வாகக் கிடைக்கும் ஊழியருக்குத் திறந்த வெளியே அமர்வதற்குரிய இடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவரின் குவளை பண்பாடாகவும் வசதியற்றவரின் குவளை சிக்கலாகவும் பார்க்கப்படும் இடத்தில், கைவினைச் சுவைக்குத் தன்னடக்கம் தேவைப்படுகிறது. மதுவால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்ட முன்னோரின் மறுப்பும் அந்த அடக்கத்தோடு மதிக்கப்பட வேண்டும்.

நிறுவனங்கள் தம் பங்கை ஆற்றாமல் இல்லை. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989இல் லிட்டில் இந்தியாவை மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததால் கடைவீடுகள் இடிபடாமல் நின்றன. 2015 மே மாதத்தில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. தேசிய மரபுடைமைக் கழகம் 2018 முதல் தொட்டுணர முடியாத மரபுகளின் பட்டியலைத் தொகுத்து வருகிறது. எனினும் கட்டடத்தைக் காக்கும் சட்டத்தால் அதற்குள் நடக்கும் தொழிலைக் காக்க இயலாது. முகப்பு அழகாக நிலைபெறும்போது வாடகை உயர்வதும், பட்டறை இருந்த இடத்துக்கு அதைவிட வருவாய் மிகுந்த வணிகம் வருவதும் உலகின் பல பழைய நகரங்களில் கண்ட போக்கே. ஜூரோங்கில் 1940இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் தாவ் குவாங் நாகச் சூளை இதற்கு ஒரு மாற்றுப் பாடம் தருகிறது. மலைச்சரிவில் நாகம் படுத்தது போல நீளும், விறகால் எரியும் இவ்வகைச் சூளைகள் தொடக்கத்தில் ரப்பர்ப் பால் ஏந்தும் மண்கிண்ணங்களைச் சுட்டன. தோட்டங்களில் அக்கிண்ணங்களை மரந்தோறும் பொருத்தியவருள் தமிழர் பலர். ரப்பர்த் தொழில் ஒடுங்கியபின் அச்சூளை பிழைத்ததற்குக் காரணம், மண்பாண்டம் வாங்குவோரும், தம் கையால் வனைந்து அங்கே சுட விரும்புவோரும் தொடர்ந்து வந்ததே. தொழில் தொடர்வதைப் பட்டியலைவிட வாடிக்கையே உறுதி செய்கிறது.

ஆகவே, இம்மடல் அன்பர்களிடம் வேண்டுவன இரக்கத்தின் பாற்பட்டவை அல்ல. அவர்கள் ஏற்கெனவே கைக்கொண்ட நெறியை விரிவாக்குமாறு கேட்பவையே. திருமணத்துக்கும் விழாவுக்கும் மாலை வேண்டுவோர் கடைசி நாளில் ஓடாமல் முன்னதாகச் சென்று, எந்தப் பூ எந்தப் பருவத்தில் நன்றாக வரும், எந்தக் கட்டு எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று கட்டுவோரிடமே கேட்டுத் தேர்ந்தால், அவர் திறத்துக்கு வேலை கிடைக்கும். நகை செய்யக் கொடுப்போர், பொன்னின் எடையை எவ்வளவு கவனமாகப் பார்க்கின்றனரோ அவ்வளவு கவனமாக வேலைப்பாட்டையும் பார்த்து, செய்கூலியில் பேரம் பேசுவதைக் கைவிட வேண்டும். தளர்ந்த முடிச்சையும் பிசிறான பற்றவைப்பையும் அவர்கள் நயமாகச் சுட்டிக்காட்டவும் வேண்டும். பீரின் குறையை அறிந்து சொல்பவரிடமிருந்து அத்தொழில் பயனடைந்தது போல, தேர்ந்த கண்ணின் முன்னரே கைத்தொழில் வளரும். மரபு என்பதற்காகவே மட்டமான வேலையைப் புகழ்வது அத்தொழிலைக் காட்சிப் பொருளாக்கிவிடும்.

கைவினைச் சந்தைகளை நடத்துவோரும் இம்மடலின் பெறுநரே. விழாவின் ஓர் ஓரத்தில் மாலை கட்டுபவரை அமர்த்திச் செய்து காட்டச் சொல்வதோடு நின்றுவிடாமல், மேடையலங்காரத்தையும் பரிசுப் பொருளையும் அவரிடமே கூலி கொடுத்துச் செய்விக்கலாம். விற்பனைத் தட்டியில் வடிவமைப்பாளரின் பெயரை அச்சிடுவது போல, செய்தவர் இசைந்தால் அவர் பெயரையும் அச்சிடலாம். கோயில் நிர்வாகங்கள் குடமுழுக்கு மலர்களில் நன்கொடையாளர் பட்டியலுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் ஒன்றைச் சுதை வடித்தோருக்கு ஒதுக்குமாறு அன்பர்கள் கேட்கலாம். கற்க விரும்பும் இளையர், ஒரு பிற்பகல் பயிலரங்கோடு நிறைவடையாமல், ஊதியம் பெறும் பயிற்சியாளராகச் சில மாதங்கள் பட்டறையில் இருக்க வழி உண்டா என்று மரபுடைமை அமைப்புகளிடமும் கடைக்காரர்களிடமும் வினவலாம்; அவ்வினா பலமுறை எழுந்தால்தான் விடையும் உருவாகும்.

செய்தவரின் பெயரைக் கேட்பது, செய்ய ஆகும் நேரத்தைக் கொடுப்பது, செய்கூலியை முழுமையாகத் தருவது ஆகிய மூன்றையும் பீர்க் கடையில் கடைப்பிடிப்பவர்கள் தேக்காவிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே இம்மடலின் சுருக்கம். வரும் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வாங்கும் முதல் பொருளிலிருந்தே இதைத் தொடங்கலாம். இதற்கு எந்தச் சட்டமும் மானியமும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
கைத்தொழிலின் நலம் நாடும் தமிழ் வாசகர் ஒருவர்